ஃபிரிட்ஜுக்குள் ஸ்கூட்டர் சாவி

அபூர்வாவைத் தொலைக்காட்சியில் ஆறு முறை கொன்றிருக்கிறார்கள். இரண்டு முறை விஷம், ஒரு முறை மொட்டை மாடியிலிருந்து, மற்ற மூன்றும் அவளுக்கே சரியாக நினைவில்லை. நடந்த குற்றங்களை நடித்துக் காட்டும் இந்தி நிகழ்ச்சி அது. டில்லியில் கைக்குக் கிடைக்கும் நடிகைகளை மாற்றி மாற்றிப் போடுவார்கள். போன மாதம் செத்தவள் இந்த மாதம் செத்தவனின் மனைவியாக வந்து அழுவாள். மயூர் விஹார் மெட்ரோ வாசலில் நிற்கும் ஈ-ரிக்‌ஷாக்காரர் அவளைப் பார்க்கும்போதெல்லாம், இந்தத் தடவையாவது தப்பித்துக்கொள்ளுங்கள் மேடம் என்று இந்தியில் சொல்லிச் சிரிப்பார்.

சாகாத வேலைகளும் அவளுக்கு உண்டு. கல்லூரி நாடகக் குழுவில் தொடங்கியவள், மண்டி ஹவுஸ் மேடைகளில் ராணியாகவும் பிச்சைக்காரியாகவும் நின்றாள். நொய்டாவில் எடுத்த நெடுந்தொடர் ஒன்றில் ஒன்றரை வருஷம் கதாநாயகியின் தோழியாக இருந்தாள். கதாநாயகி சொல்வதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொள்வதுதான் அதில் அவள் வேலை. நண்பர்கள் சேர்ந்து எடுத்த சின்னப் படங்கள் நான்கு. அவை ஏதாவது ஒரு விழாவில் நாற்பது பேருக்கு முன்னால் ஓடும், முப்பது பேர் கைதட்டுவார்கள், பத்துப் பேர் கேள்வி கேட்பார்கள். அதோடு சரி. அப்பா ராஜசேகரன் மத்திய அமைச்சகம் ஒன்றில் பிரிவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "மீடியாவுல இருக்கா" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அவள் நடித்த எதையும் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. அம்மா சுந்தரவல்லி பார்ப்பாள், ஆனால் மகள் சாவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் சேனலை மாற்றிவிடுவாள்.

முப்பத்துமூன்றாவது வயதில் இப்போதுதான் முதல் முறையாகக் கதாநாயகி வேஷம் வந்திருந்தது. கல்லூரித் தோழி ஜ்யோத்ஸ்னா இயக்கும் படம். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வாழும் ஒரு தமிழ்க் குமாஸ்தாவின் மனைவி, நாற்பது வயதில் கணவனுக்குத் தெரியாமல் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. தெருக் காட்சிகள் எல்லாம் எடுத்தாயிற்று. வீட்டுக்குள் எடுக்க வேண்டியது மட்டும் பாக்கி இருந்தபோது, வீடு தருவதாகச் சொன்னவர்கள் கடைசி வாரத்தில் கையை விரித்துவிட்டார்கள்.

அப்புறம் என்ன, அபூர்வாவின் வீடுதான்.

ராஜசேகரன் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். பெற்ற மகளுக்கே ஆனாலும் நிபந்தனைகளை வெள்ளைத் தாளில் எழுதித்தான் கொடுத்தார். புதன் முதல் சனி வரை நான்கு நாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. சங்கத்து ஸ்டிக்கர் இல்லாத வண்டி எதுவும் குடியிருப்போர் இடத்தில் நிற்கக் கூடாது. நிற்கும் வண்டிக்குக் காவலாளி சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார். ஜ்யோத்ஸ்னா பயபக்தியோடு கையெழுத்துப் போட்டாள்.

நான்கு நாளில் படம் முடிந்துவிடுமா என்பது ஜ்யோத்ஸ்னாவின் கவலை. அபூர்வாவுக்கு வேறொரு கவலை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை படப்பிடிப்பு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை ராஜவேல் ரயிலேறி மும்பை போகிறான்.

ராஜவேல் ஒலிப்பதிவாளன். கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவன். அவனுடைய தாத்தா காலத்திலேயே டில்லிக்கு வந்துவிட்ட குடும்பம். அவள் நடித்த நான்கு சின்னப் படங்களில் மூன்றுக்கு அவன்தான் ஒலி. அதிகம் பேசமாட்டான். காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் நிற்பான். மும்பையில் ஒரு ஸ்டுடியோவில் மாதச் சம்பள வேலை கிடைத்திருந்தது. படத்துக்குப் படம் கூலி வாங்குபவர்களுக்கு அதெல்லாம் லாட்டரி அடித்த மாதிரி. எல்லோரும் வாழ்த்தினார்கள். அபூர்வாவும் வாழ்த்தினாள், நன்றாகவே நடித்து.

அவளுடைய சங்கடம் இதுதான். ராஜவேல் அவளைக் கவனித்துக்கொள்வது போல இதுவரை யாரும் கவனித்ததில்லை. டேக்குக்கு முன்னால் வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பான். பச்சை ஆப்பிளைத் துண்டு போட்டு ஒரு டப்பாவில் எடுத்து வருவான். அவள் புடவைத் தலைப்பில் மைக்கைக் குத்தும்போது ஊசி படாமல் இருக்கத் தன் விரலைக் குறுக்கே வைப்பான். சளி பிடித்தால் அவளுக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். ஆனால் வெந்நீர் தொண்டைக்கு, பச்சை ஆப்பிள் வாய் காய்ந்து சொடக்குச் சத்தம் வராமல் இருப்பதற்கு, ஊசி உரசினால் மைக் கரகரக்கும். எல்லாமே ஒலிக்காக. அவன் கவனிப்பது அவளையா, அவள் தொண்டையையா? மூன்று படம் முடிந்தும் அவளுக்கு இது பிடிபடவில்லை. ஒவ்வொரு படமும் முடிந்த அன்று அவன் பெட்டியை மூடிவிட்டு "சரி, பாக்கலாம்" என்று சொல்லிப் போய்விடுவான்.

புதன்கிழமை காலை முதல் வேலையாக ராஜவேல் வீட்டைச் சுற்றிக் காதால் பார்த்தான். மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னான். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் படுக்கையறை மெத்தைக்கு அடியில் வைத்தான். கூடத்தில் நின்ற ஃபிரிட்ஜின் முன்னால் வந்து சற்று நேரம் நின்றான். அது வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஓடினால் மோட்டார் படகு போலச் சத்தம் போடும். ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து, ஃபிரிட்ஜைத் திறந்து, எலுமிச்சம்பழங்களுக்கு நடுவில் வைத்தான்.

அபூர்வா சிரித்தாள். மற்ற படங்களிலும் பார்த்திருக்கிறாள். இது அவன் பழக்கம். எடுக்கும்போது ஃபிரிட்ஜை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் திரும்பப் போட மறந்துபோகும். சாவி உள்ளே இருந்தால் அதை எடுக்காமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது, எடுக்கும்போது ஸ்விட்ச் நினைவுக்கு வந்துவிடும்.

பழக்கம் நல்ல பழக்கம்தான். ஆனால் அதைச் சுந்தரவல்லியிடம் யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், கடைசி ஷாட் படுக்கையறையில் நடந்துகொண்டிருந்தபோது, சுந்தரவல்லி கொத்தமல்லி எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள் விளக்கு எரிந்துபோய் இரண்டு மாதம் ஆகியிருந்ததால் இருட்டு அவளுக்குப் புதிதாகத் தெரியவில்லை. எலுமிச்சம்பழத்துக்கு நடுவில் ஒரு சாவி தெரிந்தது. யாரோ ஐஸ் தண்ணீர் எடுக்க வந்து கைமறதியாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், பாவம், தேடுவார்கள் என்று நினைத்து அதைத் துடைத்து, வாசல் பக்கத்துச் சாவி மாட்டும் பலகையில் அழகாக மாட்டிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள். ஆறு மணி ஆனதும் ராஜசேகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கூடத்தில் வந்து நின்றார். எல்லோரும் அவசரமாக மூட்டை கட்டினார்கள். ராஜவேல் வாசலில் தொங்கிய சாவியைப் பார்த்தான். யாரோ எடுத்து மாட்டியிருக்கிறார்கள், அப்படியானால் ஃபிரிட்ஜையும் போட்டிருப்பார்கள் என்று நம்பிக் கிளம்பினான். சாமான் இறக்கும் இரைச்சலில் மோட்டார் ஓடாதது அவன் காதுக்கே தப்பியது, இரவு மின்விசிறி இரைச்சலில் வீட்டில் இருந்தவர்களும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை செய்தித்தாள் எடுக்க வந்த ராஜசேகரனின் கால் கூடத்தில் சில்லென்று தண்ணீரில் பட்டது. ஃபிரிட்ஜிலிருந்து ஒரு ஓடை புறப்பட்டுச் சோபா வரை போயிருந்தது. உள்ளே, படக் குழுவுக்காக அரைத்து வைத்த இட்லி மாவு பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தட்டில் இறங்கியிருந்தது. நான்கு பாக்கெட் பால் திரிந்து கிடந்தது. அவர் கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்து வெதுவெதுப்பாக இருந்தது.

ஒன்பது மணிக்கு ஜ்யோத்ஸ்னாவின் ஆட்கள் படியேறி வந்தபோது அவர் அந்த வெள்ளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இன்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். குரலை உயர்த்தவில்லை. அலுவலகத்தில் கோப்பை மூடும் குரல் அது. ஜ்யோத்ஸ்னாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கதையின் முக்கியமான காட்சியே இன்னும் எடுக்கவில்லை. உதவியாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் கடைசியாகக் கிளம்பியது, யார் பார்த்திருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

ராஜவேல் முன்னால் வந்தான். "தப்பு என்னுது அங்கிள். ஃபிரிட்ஜை நிறுத்தினது நான். திரும்பப் போடறது என் வேலை. போடல."

ராஜசேகரன் அடுத்து ஏதாவது சாக்கு வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார். அவனோ செருப்பைக் கழற்றிவிட்டுக் குளியலறையிலிருந்து துடைப்பானையும் வாளியையும் எடுத்துவந்து கூடத்தைத் துடைக்க ஆரம்பித்தான். மாவு வழிந்த தட்டுகளைக் கழற்றிக் கழுவினான். சொட்டு மருந்தின் பெயரைப் பார்த்துக்கொண்டு கீழே ஓடிப் புதிதாக ஒன்று வாங்கிவந்து மேசையில் வைத்தான். ராஜசேகரன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"முப்பத்தாறு வருஷம் சர்வீஸ்ல இருந்தேன்," என்றார் மனைவியிடம், எல்லோருக்கும் கேட்கும்படி. "தப்பு என்னுதுன்னு ஒருத்தன் வாயால சொல்லி நான் கேட்டதில்ல. ஆகட்டும், எடுக்கச் சொல்லு."

சுந்தரவல்லி வாசல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் விடுவிடுவென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

புளித்த மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு அவள் ஊத்தப்பம் ஊற்ற ஆரம்பித்தாள். குழு முழுவதும் சாப்பிட்டது. ராஜவேலுக்கு மட்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தது. போதும் ஆன்ட்டி என்று நான்காவதில் கையால் தட்டை மறைத்தான். அதற்கு அவள், ஆன்ட்டி என்ன ஆன்ட்டி, வாய் நிறைய அத்தை என்று கூப்பிட்டால் ஆகாதா என்றாள். மேக்கப் போட்டுக்கொண்டிருந்த அபூர்வாவுக்குத் தண்ணீர் புரையேறியது.

முதல் ஷாட்டுக்கு மைக்கெல்லாம் மாட்டி முடித்த பிறகு, விளக்கு வைக்க இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்றார்கள். அபூர்வா சமையலறைக்கு வந்தாள். அம்மா அடுப்புக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள், வெங்காயம் நறுக்கி முடித்து வெகு நேரம் ஆகியும்.

"ஏட்டி, அந்தச் சாவிய எடுத்து மாட்டுனது நாந்தான்," என்றாள் மெதுவாக. "யாரோ தொலைச்சிட்டாவன்னு நெனச்சேன். அந்தப் பையன் எனக்காகத் திட்டு வாங்கிக்கிட்டு நிக்கான். உங்கப்பாட்ட சொல்ல எனக்குப் பயமா இருக்கு."

அபூர்வாவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அம்மாவின் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

"நல்ல பையன்ட்டி," என்றாள் சுந்தரவல்லி. அடுத்ததைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "உன்ன எப்படிக் கவனிச்சுக்கிடுதான். நானும் மூணு நாளா பாக்கேன்."

"அவர் என்னக் கவனிக்கலம்மா," என்றாள் அபூர்வா. "என் தொண்டையக் கவனிக்கிறார். எனக்கு ஒரு ஆசைதான், வேலைக்கு சம்பந்தமே இல்லாம அவர் எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்யணும். எவ்ளோ சின்னதா இருந்தாலும் சரி. ஞாயித்துக்கிழமை போயிடுவார், இனிமே எங்க."

சொல்லிவிட்டுத் தலைப்பைச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோனவள், விரலில் சின்னதாக ஏதோ இடறவும் அப்படியே நின்றுவிட்டாள். புடவை மடிப்புக்குள் மைக். அது ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டும் சிவப்புப் புள்ளி இடுப்பில் எரிந்துகொண்டிருந்தது.

கூடத்தின் மூலையில் ராஜவேல் ஹெட்போனோடு நின்றிருந்தான். அவள் வந்ததும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கருவியில் ஏதோ ஒரு குமிழை நிதானமாகத் திருகிக்கொண்டிருந்தான். அந்தக் குமிழ் திருக வேண்டிய குமிழ் அல்ல என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அன்று முழுவதும் வெந்நீர் வந்தது, ஆப்பிள் வந்தது, ஊசிக்குக் குறுக்கே விரல் வந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. சாயங்காலம் ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டுச் சாவியை எடுத்துச் சுந்தரவல்லியிடம் காட்டினான். நமஸ்தே சொல்லிவிட்டுப் போனான். கேட்டிருக்கிறான், கேட்டும் பேசாமல் போகிறான் என்றால் அதுவே பதில் என்று அபூர்வா முடிவு செய்துகொண்டாள். ஆறு முறை செத்தவளுக்கு இதெல்லாம் ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முகம் கழுவினாள்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது சுந்தரவல்லிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ராஜசேகரன் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். எதிர்ச் சுவரோரம் தட்டோடு உட்கார்ந்திருந்த ராஜவேலை நெடுநேரம் பார்த்தார். உனக்கு இது தெரியுமா என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, நேற்றே தெரியும் என்றான். அவர் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவன் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

கடைசிக் காட்சிக்கு அவர் எழுந்து போகவில்லை. சங்கத்து வேலை இருக்கிறது என்று வழக்கமாகச் சொல்பவர், இன்று கேமராவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கணவன் வீட்டுக்குள் வருகிறான். காரை யார் நகர்த்தி நிறுத்தியது என்று கேட்கிறான். மனைவி காய்கறியிலிருந்து தலையைத் தூக்காமல், "நான்தான். நிழல்ல போட்டேன்" என்கிறாள். அவ்வளவுதான் வசனம். அபூர்வா அதைச் சொல்லும்போது குரலில் பயமும் பெருமையும் ஒன்றை ஒன்று முந்தப் பார்த்தன. கணவன் வெளியே போன பிறகு அவள் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு தனக்குள் சிரித்தாள். ஜ்யோத்ஸ்னா கட் சொல்ல மறந்து நின்றாள்.

ராஜசேகரன் பக்கத்தில் நின்ற மனைவியின் பக்கம் சாய்ந்து, "சாகல பாத்தியா" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அப்புறம் ராஜவேல் கையைத் தூக்கினான். இன்னும் ஒரு நிமிஷம் யாரும் அசையக் கூடாது, அறையின் வெறும் அமைதியைப் பதிவு செய்ய வேண்டும், பின்னால் வெட்டி ஒட்டும்போது தேவைப்படும் என்றான். ஒவ்வொரு இடத்திலும் கடைசியில் இதைச் செய்வார்கள். செயலாளர் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்தார். சுந்தரவல்லி கரண்டியோடு நின்ற இடத்தில் நின்றாள். ஜ்யோத்ஸ்னா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கீழே எங்கோ காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார், அதுவும் அடங்கியது. ராஜவேல் வழக்கமாக இந்த ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வான். இன்று மூடவில்லை. ஹெட்போனை மாட்டியபடி நேராக அபூர்வாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சு அடித்துக்கொள்வது அதில் கேட்குமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. வந்ததும் அது இன்னும் வேகமாக அடித்தது. அந்த அறுபது விநாடிகளில் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்று அவள் நினைத்தாள். சுந்தரவல்லியின் கரண்டி மட்டும் லேசாக ஆடியது.

"தேங்க்யூ," என்றான் ராஜவேல்.

கைதட்டல், கட்டிப்பிடிப்பு, லட்டு. ராஜவேல் ஃபிரிட்ஜைப் போட்டான். அது படகு போல முழங்கிப் புறப்பட்டது. சாவியை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி ஆட்டிக் காட்டினான், செயலாளரே சிரித்துவிட்டார். கம்பிகளைச் சுருட்டினார்கள், கடிகாரம் மெத்தைக்கு அடியிலிருந்து சுவருக்குத் திரும்பியது. போகும்போது அவன் அபூர்வாவிடம் வந்து, "சரி, பாக்கலாம்" என்றான். அதே இரண்டு வார்த்தை. அவள் புன்னகை செய்தாள். அதுதான் இந்த நான்கு நாளில் அவள் நடித்ததிலேயே கஷ்டமான ஷாட்.

ஆறே கால் இருக்கும். வீடு காலியாகியிருந்தது. மின்விசிறி சுற்றியது. சுந்தரவல்லி காபிக்குப் பால் எடுக்கப் போனவள் ஃபிரிட்ஜைத் திறந்தபடியே நின்றாள்.

"ஏட்டி அபூர்வா, இங்க வா."

எலுமிச்சம்பழங்களுக்கு நடுவில் ஸ்கூட்டர் சாவி இருந்தது.

"நாஞ் சத்தியமா தொடல," என்றாள் சுந்தரவல்லி. பிறகு காதைச் சாய்த்துக் கேட்டாள். "இது ஓடிக்கிட்டுல்லா இருக்கு. ஓடுற ஃபிரிட்ஜில எதுக்குட்டி சாவிய வச்சிட்டுப் போயிருக்கான்?"

அபூர்வா சாவியை எடுத்தாள். சில்லென்றிருந்தது. மோட்டார் முழங்கிக்கொண்டிருந்தது. படம் முடிந்துவிட்டது. பதிவு செய்ய எந்த ஒலியும் பாக்கி இல்லை. வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல், சின்னதாக ஒன்றே ஒன்று. அவள் செருப்பைக்கூடத் தேடவில்லை, மூன்று மாடியையும் வெறுங்காலோடு இறங்கி ஓடினாள்.

சுவரோரம், ஸ்டிக்கர் இல்லாத ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ராஜவேல் நின்றிருந்தான். காதில் ஹெட்போன் இல்லாமல் அவன் முகம் வேறு யாருடையதோ போல, இன்னும் இளமையாக இருந்தது.

"சாவிய மறந்துட்டீங்க," என்றாள் மூச்சு வாங்க.

"மறக்கல."

"அப்புறம்?"

"நேத்து நீங்க கிச்சன்ல பேசினத கேட்டுட்டேன். நான் ஹெட்போனக் கழட்டியிருக்கணும், கழட்டல. அது தப்பு." அவன் தரையைப் பார்த்தான். "நாலு படமா உங்க குரல் என் காதுக்குள்ளயே இருக்கு அபூர்வா. நேரா எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியல. பச்சை ஆப்பிள் வேற யாருக்கும் நான் வெட்டிக் குடுத்ததில்ல. மத்தவங்களுக்கு வெறும் தண்ணிதான்."

அவள் சிரித்துவிட்டாள். முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்றாள். சொல்லத்தான் ஒவ்வொரு படத்தின் கடைசி நாளிலும் வந்ததாகவும், வாயைத் திறந்தால் பாக்கலாம் என்றுதான் வந்ததாகவும் அவன் ஒப்புக்கொண்டான். அப்படியானால் மும்பை என்று அவள் கேட்டாள். போகத்தான் வேண்டும், ஆறு மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றான். தனக்கும் அங்கே வேலை தேட வேண்டியிருக்கிறது, ஒரு படத்துக்கு நடிகை தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அது நிஜம்தான். இத்தனை நாள் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள், இப்போது யோசனை முடிந்துவிட்டது.

"ஸ்கூட்டர ரயில்ல ஏத்த மாட்டேன்," என்றான் ராஜவேல். "இங்கயே நிக்கட்டும். சாவி உங்ககிட்ட இருக்கட்டும். எடுக்க நான் வந்துதானே ஆகணும்."

மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து ராஜசேகரன் எட்டிப் பார்த்தார்.

"அந்த வண்டிக்கு ஸ்டிக்கர் இல்ல," என்றார் அங்கிருந்தே. "இங்க நிறுத்தினா பூட்டு விழும்."

இருவரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர் உள்ளே போய்விட்டார். அபூர்வாவின் முகம் விழுந்தது. ராஜவேல் கரோல் பாகுக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று சொல்லிக் கையை நீட்டினான். அவள் சாவியைக் கொடுக்கவில்லை.

அதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ராஜசேகரன் மூச்சிரைக்க இறங்கி வந்தார். பின்னாலேயே சுந்தரவல்லி, அடுப்பை அணைத்தோமா என்று நடுவழியில் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் கையில் சங்கத்தின் பெயர் அச்சடித்த பச்சை ஸ்டிக்கர் இருந்தது. குடியிருப்போருக்கு மட்டும் கொடுப்பது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஸ்கூட்டரின் எண்ணைப் பார்த்து அதில் எழுதினார். வீட்டு எண் என்ற இடத்தில் தன் வீட்டு எண்ணை எழுதினார். உறவுமுறை என்ற கட்டத்தில் வந்ததும் பேனா நின்றது.

"இதுல என்ன போட?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

"அதக் காலியா விடுங்க," என்றாள் சுந்தரவல்லி. "பின்னால எழுதிக்கிடலாம். மொதல்ல ஒட்டுங்க, காத்துல பறந்துரும்."

ராஜசேகரன் முன்பக்கத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்து, கோணாமல் ஒட்டி, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டார்.